கடி அடங்கினால் படர்தாமரை மாறிவிட்டதா?

கேட்டவர் அம்பாறைப் பக்கம் வெள்ளாமை செய்பவர், வயது 34. ஐந்து மாதமாக இரண்டு தொடையிடுக்கிலும் படர்தாமரை. கடையில் வாங்கிய ஒரு கிறீமைப் பூசினால் மூன்றே நாளில் கடி அடங்கிவிடுகிறதாம்; விட்டால் பத்து நாளில் முன்னையைவிட அகலமாக வருகிறதாம். இப்போது மனைவிக்கு இடுப்பிலும், ஆறு வயது மகனுக்குக் கழுத்திலும் வந்திருக்கிறது. இதைவிட நல்ல கிறீம் எது, எத்தனை நாள் பூச வேண்டும், பிள்ளைக்கும் அதையே பூசலாமா என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, வேறு கிறீம் தேடுமுன் கையில் இருக்கும் ரியூப்பைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பனி வைத்த பெயர். அதை விடுங்கள். அதன் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் உண்மையான பெயர் இருக்கும். மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே இந்த நாட்டில் மருந்தை அதன் மூலப் பெயரால் எழுதவும் விற்கவும் வேண்டும் என்று பாடுபட்டார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானதும் அந்த முயற்சியில்தான். ஐம்பது வருடம் கழிந்தும் நம்மாட்கள் கடைக்கு வந்து 'அந்த மஞ்சள் ரியூப் தாங்க' என்றுதான் கேட்கிறார்கள். நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம் மருந்தாளராக இருக்கிறேன். தோல் வருத்தத்துக்கு வருகிறவர்களில் தான் பூசுவது என்னவென்று பெயர் சொல்லத் தெரிந்தவர் குறைவு.

சின்ன எழுத்தில் குளோட்ரிமசோல், மைக்கனசோல், கீட்டோகொனசோல், டெர்பினாஃபின் இவற்றில் ஏதாவது ஒன்று தனியாக இருந்தால் அது பூஞ்சைக்கான மருந்து. அதோடு சேர்த்து பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசோல் என்று ஏதாவது இருந்தால், உள்ளே கடியையும் சிவப்பையும் அமர்த்தும் ஸ்டீராய்டும் இருக்கிறது. 'சோன்' என்று முடிந்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டு என்று வைத்துக்கொள்ளலாம். குளோபெட்டசோல் மட்டும் ஆளை ஏமாற்றும். வாயால் சொல்லும்போது குளோட்ரிமசோல் மாதிரியே கேட்கும், ஆனால் அது தோலுக்குப் பூசும் ஸ்டீராய்டுகளில் மிக வீரியமான ஒன்று. பெயரை வாயால் சொல்லி வாங்காமல் எழுதிக் கொண்டுபோங்கள். நியோமைசின், ஜென்டாமைசின் என்ற பெயர்களும் கூட இருந்தால் அவை பக்டீரியாவுக்கானவை. படர்தாமரைக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் உங்கள் ரியூப்பில் ஸ்டீராய்டு இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். வெறும் பூஞ்சை மருந்து மூன்று நாளில் அப்படிக் கடியை அமர்த்தாது. ஸ்டீராய்டு அமர்த்தும். ஏன் என்றால், கடியும் சிவப்பும் பூஞ்சை நேரடியாகச் செய்வதல்ல. பூஞ்சையை எதிர்த்து உங்கள் தோல் போடும் சண்டையால் வருவது. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடும். காவல்காரனுக்குத் தூக்க மாத்திரை கொடுத்துவிட்டு, சத்தம் இல்லை, கள்ளன் போய்விட்டான் என்று நினைப்பது போலத்தான் இது. பூஞ்சை ஆறுதலாகப் பரவும். கிறீமை விட்டதும் தோல் விழித்துக்கொள்ளும், அப்போது பார்த்தால் வட்டம் பெருத்திருக்கும்.

இப்படியே மாதக்கணக்கில் போனால் படர்தாமரைக்கு அதன் உருவமே போய்விடும். விளிம்பு சிவந்து நடு தெளிந்திருக்கும் வட்டம் கலைந்து, பருக்களும் வட்டத்துக்குள் வட்டமுமாக, டொக்டரே ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பார்க்க வேண்டிய நிலைக்கு வரும். அதைவிடக் கவலையானது தோல் மெலிவது. தொடையிடுக்கு, அக்குள், முகம் போன்ற இடங்களில் தோல் ஏற்கெனவே மெல்லியது, அதிலும் தொடையிடுக்கில் தோலோடு தோல் ஒட்டி இருப்பதால் மருந்து இன்னும் கூடுதலாக உள்ளே இறங்கும். பிள்ளைத்தாய்ச்சி வயிற்றில் விழும் வரிகள் மாதிரித் தொடையில் கோடு கோடாக விழுந்தால் அது திரும்பிப் போகாது. இருபது வயதுப் பையன்களின் தொடையில் அப்படி விழுந்த வரிகளைப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் வேலை செய்கிற சொந்தக்காரர் கட்டாரில் இருந்தோ குவைத்தில் இருந்தோ அனுப்பும் பெரிய ரியூப்புகளும், முகம் வெளுக்கும் என்று கைமாறும் டப்பாக்களும் இதில் சேர்த்திதான். ரியூப்பிலோ டப்பாவிலோ மருந்தின் பெயர் இல்லாத எதையும் உடம்பில் பூசாதீர்கள்.

ஆகவே அந்தக் கிறீமை நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் ஒரு கிழமை, பத்து நாள் கடி கூடும், சிவக்கும். இது வருமென்று முன்பே தெரிந்திருந்தால் தாங்கலாம். தெரியாதவர்கள் 'புது மருந்து ஒத்துவரவில்லை' என்று பழையதுக்கே திரும்பிவிடுகிறார்கள். இரவில் தூங்க முடியாத கடி என்றால் செட்டிரிசின் மாதிரி ஒரு மாத்திரை உதவும். குளோர்பெனிரமின் போட்டால் நித்திரை தூக்கும், அதைப் போட்டுவிட்டு உழவு மெசினிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏற வேண்டாம். வீரியமான ஸ்டீராய்டை மாதக்கணக்கில் உடம்பில் பெரும்பகுதிக்குப் பூசிவந்தவர் மட்டும் தானாக நிறுத்தாமல் டொக்டரிடம் காட்டி நிறுத்துவது நல்லது, ஏனெனில் அது இரத்தத்தில் இறங்கி உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்திருக்கலாம்.

சரி, எதைப் பூசுவது? குளோட்ரிமசோல் 1%, மைக்கனசோல் 2%, டெர்பினாஃபின் 1% ஆகியவற்றில் எதுவும் சரிதான். விலை கூடியதுதான் நல்லது என்று இல்லை. குளோட்ரிமசோலும் மைக்கனசோலும் ஒரு நாளைக்கு இரண்டு தரம், பெரும்பாலும் நான்கு கிழமை வரை. டெர்பினாஃபின் ஒரு தரம் அல்லது இரண்டு தரம். பெட்டியில் ஒன்றிரண்டு கிழமை என்று போட்டிருக்கும். ஆனால் உங்களைப் போல ஸ்டீராய்டு பூசிப் பழக்கிய படர்தாமரைக்கு அந்தக் கணக்கு போதாமல் போகலாம். நிஸ்டாட்டின் கிறீம் யாராவது தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்; அது கன்டிடா என்ற வேறு பூஞ்சைக்குக் கேட்கும், படர்தாமரைக்குக் கேட்காது.

எத்தனை நாள் என்பதில்தான் அனேகர் தவறுகிறார்கள். படர்தாமரைப் பூஞ்சை வாழ்வது தோலின் மேற்படையில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று. கீழே உருவாகும் தோல் மேலே வந்து உதிர்ந்து முடிய ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும். கண்ணுக்கு வட்டம் மறைந்த அன்றும் அந்தப் படையில் பூஞ்சை மிச்சம் இருக்கும். அதனால் வட்டம் போய், செதில் போய், கையால் தடவிப் பார்க்கும்போது விளிம்பே தட்டுப்படாத நாளில் இருந்து இன்னும் இரண்டு கிழமை பூச வேண்டும். கறுத்த தழும்பு கொஞ்ச மாதம் இருக்கும், அதற்கு மருந்து தேவையில்லை. தழும்பு போகவில்லை என்று மருந்தை நீட்டுகிறவர்களும் உண்டு.

அடுத்தது அளவு. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. சுட்டு விரலின் நுனியில் இருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகக் கிறீமைப் பிதுக்கினால் அது ஏறக்குறைய அரைக் கிராம். வளர்ந்தவரின் இரண்டு உள்ளங்கையை, விரலும் சேர்த்து வைத்தால் எவ்வளவு இடமோ அவ்வளவுக்கு அது போதும். இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். ஒவ்வொரு தொடையிலும் இரண்டு உள்ளங்கை இடம் என்றால் ஒரு தரத்துக்கு ஒரு கிராம், நாளைக்கு இரண்டு கிராம். 15 கிராம் ரியூப் ஒரு கிழமைக்குத்தான் வரும். நான்கு கிழமைக்கு நான்கு ரியூப் வேண்டும். ஒரு ரியூப்பை ஒன்றரை மாதம் வைத்துப் பூசினேன், மாறவில்லை என்று ஒருவர் சொன்னால், மருந்தின் மேல் பிழையில்லை. பயறளவு எடுத்து நடுவில் வைத்துத் தேய்த்தால் அது எங்கே போய்ச் சேரும்? எதிர்ப் பக்கம், வெள்ளையாக அப்பிக்கொண்டு சாரத்தில் துடைபடுகிற அளவு பூசுவதும் வீண் செலவு.

பூசும் முறையும் அந்த நடுவைப் பற்றியதுதான். பூஞ்சை உயிரோடு துடிப்பாக இருப்பது விளிம்பில். நடுவில் அது தின்று முடித்துவிட்டுப் போய்விட்டது. அதனால் விளிம்புக்கு வெளியே இரண்டு சென்டிமீற்றர், அதாவது ஒரு பெருவிரல் அகலம் தள்ளி, நல்ல தோலில் இருந்து தொடங்கி உள்ளே நோக்கிப் பூசி வாருங்கள். குளித்துவிட்டு, நன்றாகத் துடைத்து, ஐந்து நிமிடம் காற்றுப் பட விட்டுப் பூசுங்கள். ஈரத்தின் மேல் பூசுவதும், பூசிய உடனே இறுக்கமான ஜீன்ஸ் போடுவதும் வேண்டாம். முன்பும் பின்பும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். கிருமிநாசினித் திரவத்தைக் குளிக்கும் தண்ணீரில் ஊற்றுவது, உப்புத் தேய்ப்பது, உள்ளியை அரைத்துக் கட்டுவது எல்லாம் தோலைப் புண்ணாக்கும். உள்ளி உண்மையாகவே தோலைச் சுட்டுவிடும். வண்டுகொல்லி இலையை நம் பெரியவர்கள் பூசியது ஆதாரமில்லாத விஷயம் அல்ல, அந்த இலைக்குப் பூஞ்சையை அடக்கும் தன்மை உண்டு. ஆனால் தொடையிடுக்கில் எலுமிச்சம்புளி விட்டு அரைத்துத் தேய்ப்பதை நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன்.

பெரும்போகம் தொடங்கி மழை இறங்கினால் கார்த்திகை, மார்கழி, தை எல்லாம் இந்தப் பக்கம் ஈரம்தான். விடிய வரம்பில் நனைந்த சாரம் மத்தியானம் உடம்பிலேயே காயும், மறுகா பின்னேரம் திரும்ப நனையும். தோய்த்துப் போட்ட உடுப்பு இரண்டு நாளாகியும் காயாமல், குளிர்ச்சியோடேயே எடுத்து உடுக்கிறோம். கிறீம் ஒரு பக்கம் கொல்ல, இது ஒரு பக்கம் வளர்க்கும். மருதமுனைக் கைத்தறிச் சாரம் பருத்தி, காற்றோட்டமானது, அதில் குறையில்லை. ஆனால் அது உலர்ந்திருக்க வேண்டும். வயலுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் நனைந்ததை மாற்றுங்கள். உள்ளாடை, துவாய், படுக்கை விரிப்பை மற்றவர்களுடையதோடு ஊறப்போடாமல் தனியாகச் சுடுதண்ணீரில் தோயுங்கள், வெயிலில் உட்பக்கத்தை வெளியே திருப்பிக் காயப்போடுங்கள். வெயில் இல்லாத நாளில் தையல் ஓரங்களிலும் இடுப்புப் பட்டியிலும் சூடாக அயன் பிடியுங்கள். ஒரே துவாயில் வீடு முழுக்கத் துடைக்கிற வழக்கம் உங்கள் வீட்டிலும் இருந்தால், மகனின் கழுத்துக்கு அது எப்படிப் போனது என்று தனியாகத் தேட வேண்டாம்.

இதனால்தான் மூன்று பேருக்கும் ஒரே நாளில் மருந்து தொடங்க வேண்டும். நீங்கள் மாறியதும் மனைவிக்குப் பார்ப்போம் என்றால் இது சுற்றிச் சுற்றி வரும். ஒரு ரியூப்பை மூன்று பேர் பூசாமல் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குக் குளோட்ரிமசோலோ மைக்கனசோலோ பூசலாம், டெர்பினாஃபினை டொக்டரைக் கேட்காமல் வேண்டாம், நீங்கள் பூசிய அந்தப் பழைய ரியூப் கூடவே கூடாது. மகனின் தலையை ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். மயிர் முறிந்து, செதில் விழுந்து, பொட்டு பொட்டாக மொட்டையாக இருந்தால் கிறீமால் ஒன்றும் நடக்காது. பூஞ்சை மயிர் வேருக்குள் இருக்கும், மாத்திரைதான் வேண்டும். நகத்தில் வந்ததும் அப்படித்தான். மனைவி கர்ப்பமாக இருந்தாலும் குளோட்ரிமசோல் தோலில் பூசுவது பொதுவாகப் பாதுகாப்பானதாகவே கருதப்படுகிறது, ஆனாலும் கிளினிக்கில் மிட்வைஃபிடமோ டொக்டரிடமோ சொல்லிவிட்டுப் பூசட்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் மாத்திரை குடிக்கிற இதய நோயாளி வீட்டில் இருந்தால் மைக்கனசோலைத் தவிர்த்து மற்றதை எடுங்கள். வார்பரினோடு மைக்கனசோல் சேர்ந்தால் இரத்தம் உறைவதை மாற்றக்கூடும், வாயில் பூசும் மைக்கனசோல் ஜெல் என்றால் இன்னும் ஆபத்து.

கால்விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறி வெடிக்கிற சேற்றுப்புண்ணுக்கும் இதே கிறீம்கள்தான். சீனி வருத்தம் உள்ளவர் அதை விட்டுவைக்கக் கூடாது, அந்த வெடிப்பால் பக்டீரியா ஏறிக் கால் வீங்கிக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வரும். தொடையிடுக்கில் வட்டமாக இல்லாமல், பச்சை இறைச்சி மாதிரிச் சிவந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் பொட்டுகள் தெறித்திருந்தால் அது கன்டிடாவாக இருக்கலாம்; குளோட்ரிமசோல் அதற்கும் கேட்கும், கூடவே ஒருமுறை சீனி பார்த்துவிடுங்கள். நெஞ்சிலும் முதுகிலும் வருகிற தேமல் வேறு கதை. அது ஒட்டாது, எல்லோர் தோலிலும் இருக்கிற ஈஸ்ட் என்ற பூஞ்சை வகை வியர்வையில் பெருகுவதால் வருவது. அகலமான முதுகுக்கு ரியூப் ரியூப்பாகக் கிறீம் வாங்குவதைவிட, கீட்டோகொனசோல் 2% ஷாம்புவை நாளுக்கு ஒரு தரம் நுரைக்கப் பூசி, மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டுக் கழுவி, ஐந்து நாள் செய்தால் மலிவாக முடியும். நிறம் திரும்ப மாதங்கள் எடுக்கும்.

தேமல் என்று சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. மட்டக்களப்பு வாவிக்குள் மாந்தீவில் தொழுநோய் ஆஸ்பத்திரி இருந்ததை நம் ஊரில் வயதானவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியைத் தீவில் வைத்த காலம் போய்விட்டது, நோய் போகவில்லை; கிழக்கில் இன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். தோல் வெளிறியோ இலேசாகச் சிவந்தோ ஒரு திட்டு, கடி இல்லை, மயிர் குறைவு, தொட்டால் உணர்வு மந்தம் என்றால் அதற்குப் பூஞ்சைக் கிறீம் பூசிக்கொண்டு இருக்காதீர்கள். பஞ்சை நூலாகத் திரித்து, கண்ணை மூடச் சொல்லித் தொட்டுப் பாருங்கள். தெரியவில்லை என்றாலும், சந்தேகம் என்றாலும் நேரே ஆஸ்பத்திரி. மருந்து இலவசம், ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ குடித்தால் முழுதாக மாறும், மருந்து தொடங்கியதும் மற்றவருக்குத் தொற்றுவது வெகு சீக்கிரம் நின்றுவிடும். பிந்தினால் நரம்பு போய் விரல் மடங்கும். படர்தாமரை கடிக்கும், கடிக்காத திட்டைத்தான் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும்.

உங்களைப் பொறுத்தவரை, சரியான மருந்தை, சரியான அளவில், மூன்று பேரும் சேர்ந்து இரண்டு மூன்று கிழமை பூசியும் விளிம்பு அசையவில்லை என்றால் ரியூப்பை மாற்றிக்கொண்டிருக்காமல் தோல் நோய் கிளினிக்குக்குப் போங்கள். உடம்பில் பல இடத்துக்குப் பரவியிருந்தாலும், முகத்தில் வந்தாலும், சீழ் வைத்தாலும் அந்த இரண்டு மூன்று கிழமையும் காத்திருக்க வேண்டியதில்லை. சில வருடங்களாகத் தென்னாசியாவில் டெர்பினாஃபினுக்கு அடங்காத ஒரு பூஞ்சை பரவிவருகிறது. 2020இல் அதற்கு டிரைக்கோஃபைட்டன் இந்தோட்டினியே என்று பெயரும் வைத்தார்கள். அதற்கு இட்ராகொனசோல் போன்ற மாத்திரை பல கிழமைக்குத் தேவைப்படும். அதைக் கடையில் கேட்டு வாங்கிக் குடிக்கிற விஷயமாக எடுக்காதீர்கள். சிம்வாஸ்டாட்டின் என்ற கொலஸ்திரோல் மாத்திரையோடு அது சேரவே கூடாது, இதயம் பலவீனமானவருக்கு ஆகாது, ஈரலையும் கவனிக்க வேண்டும். கீட்டோகொனசோல் கிறீமும் ஷாம்புவும் சரி, ஆனால் அதே பெயரில் மாத்திரை தந்தால் வாங்க வேண்டாம். ஈரலைக் கெடுத்ததால் 2013இல் ஐரோப்பாவில் பூஞ்சைக்கு அதைக் கொடுப்பதை நிறுத்தச் சொன்னார்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது இதுவரை பூசிய ரியூப் எல்லாவற்றையும், காலியானது என்றாலும், ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். விளிம்பில் இருந்து செதிலைச் சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொல்லலாம். பூஞ்சைக் கிறீம் பூசிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம், அதனால் எத்தனை நாளுக்கு முன்பே நிறுத்திவிட்டு வருவது என்று திகதி எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.